ஒரே எடிட்டரா, மொழிக்கு ஒரு எடிட்டரா? 8 ஜிபி லேப்டாப்பில் கோடிங் எழுதுபவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டி வடக்கே வந்தால் ரஞ்சன்குடி கோட்டை கண்ணில் படும். 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை. 1751இல் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் இந்தப் பக்கத்தில் மோதிக்கொண்டன. அதன் மதில் தெரிகிற ஒரு வீட்டு மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் அக்கா மகன் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

இன்ஜினீயரிங் கடைசி வருஷம். மறுநாள் புராஜெக்ட் ரிவியூ. பெரம்பலூர்க்காரர்களுக்குச் சின்ன வெங்காயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அறுவடை செய்து பட்டறை போட்டு வைத்த வெங்காயம், ஈரம் ஏறினால் அழுகிவிடும். பட்டறைக்குள் ஒரு சென்சாரை வைத்து, ஈரப்பதம் கூடினால் விவசாயியின் செல்போனுக்குச் சொல்லிவிட வேண்டும். அதுதான் இவனுடைய புராஜெக்ட். சென்சார் போர்டுக்கு சி++, சர்வருக்கு பைத்தான், செல்போன் ஆப்புக்கு காட்லின் என்று மூன்று மொழிகள்.

லேப்டாப்பில் ஐந்து ஐகான்கள் இருந்தன. ஆர்டுயினோ ஐடிஇ, பைசார்ம், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, நண்பன் போட்டுக் கொடுத்த விஎஸ் கோட், பள்ளிக் காலத்திலிருந்து கூடவே வரும் டெவ் சி++. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் பைசார்மும் ஒன்றாகத் திறந்தால் மவுஸ் கூட நகரவில்லை.

"மாமா, எல்லாத்தையும் தூக்கிட்டு விஎஸ் கோட் மட்டும் வெச்சுக்கலாமா? எங்க செட்ல பாதிப் பேரு அதுதான் யூஸ் பண்றானுங்க. மீதிப் பேரு அது டம்மி, ஒவ்வொண்ணுக்கும் தனி ஐடிஇ வேணும்னு சொல்றானுங்க."

நானும் சில காலம் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவன்தான். ஆபீஸ் டீக்கடையில் இந்தச் சண்டை ஓயாது. ஆனால் நாளைக்கு ரிவியூ வைத்திருக்கும் ஒருவன் கேட்கும்போது, 'அது உன் விருப்பம்பா' என்று நழுவ முடியவில்லை.

பாடப்புத்தகத்தில் தொடங்கிய பழக்கம்

மொழிக்கு ஒரு எடிட்டர் என்ற எண்ணம் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது பிளஸ் ஒன்னில் தொடங்குகிறது. தமிழ்நாடு அரசின் புதிய பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ வருகிறது. அதற்குப் புத்தகம் காட்டும் கருவி டெவ் சி++. அடுத்த வருஷம் 12ஆம் வகுப்பில் பைத்தான். அதற்குப் பைத்தானோடு சேர்ந்தே வரும் ஐடிஎல்இ. மொழி மாறியது, ஜன்னலும் மாறியது. அப்புறம் கல்லூரி. ஜாவா என்றால் எக்லிப்ஸ், ஆப் என்றால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ.

அதே 12ஆம் வகுப்புப் புத்தகத்தில், சி++ புரோகிராமைப் பைத்தானிலிருந்து இயக்குவது பற்றி ஒரு பாடம் உண்டு. அங்கே ஐடிஎல்இ கைகொடுக்காது. கமாண்ட் விண்டோவைத் திறந்து, சி++ கம்பைலரைக் கூப்பிட்டாக வேண்டும். இரண்டு மொழி ஒரே வேலையில் சந்திக்கும் முதல் இடம் அது. பலரும் அதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வேலைக்குப் போனபிறகு தினமும் சந்திக்கப்போகும் சூழலுக்கு மிக நெருக்கமான பாடம் அதுதான்.

இதற்கும் முந்தைய தலைமுறைக்கு நீலத் திரை. டர்போ சி++. 30 வயதைத் தாண்டிய எந்த இன்ஜினீயரிடமும் கேட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டர் லேபின் ஏசி குளிரோடு சேர்த்து அந்த நீலத்தையும் சொல்வார்கள். போர்லாண்ட் கம்பெனியின் இந்த வரிசை 1983இல் டர்போ பாஸ்கலில் தொடங்கியது. எழுதும் இடம், கம்பைல் செய்யும் இடம், பிழை காட்டும் இடம் எல்லாம் ஒரே திரையில். அன்றைய நிலைமைக்கு அது பெரிய புரட்சி. விலையும் 49.95 டாலர்தான்.

அந்தக் கம்பைலரை எழுதிய ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் பிற்பாடு மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளை உருவாக்கினார். இன்று எல்லோர் கையிலும் இருக்கும் விஎஸ் கோட் எழுதப்பட்டிருப்பது அந்த டைப்ஸ்கிரிப்டில்தான்.

நீலத் திரையில் சிக்கல் என்னவென்றால், நம் ஊர் லேப்களில் அது தேவைக்கு மேல் பல வருஷம் உட்கார்ந்துவிட்டது. சி++ மொழிக்கு 1998இல்தான் முதல் சர்வதேசத் தர வரையறை வந்தது. டர்போ சி++ அதற்கு முந்தையது. 16 பிட் காலத்துக் கருவி என்பதால் அதில் 'இன்ட்' என்றால் 2 பைட். 32767ஐத் தொட்டு ஒன்று கூட்டினால் மைனஸ் 32768 காட்டும். இன்றைய கம்பைலர்களில், நாம் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களில், அது 4 பைட். இன்டர்வியூவில் 'இன்ட் எத்தனை பைட்?' என்ற கேள்விக்கு 'இரண்டு' என்று சொல்லிவிட்டு முழித்தவர்களில் நானும் ஒருவன். மொழியின் குணம் எது, கருவியின் குணம் எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒரே ஒரு கருவியை மட்டும் பார்த்து வளர்ந்ததற்கு நான் கொடுத்த விலை அது.

உள்ளே என்ன நடக்கிறது?

எடிட்டர் என்பது எழுதும் கருவி. நோட்பேட் மாதிரி, கொஞ்சம் கெட்டிக்காரத்தனத்தோடு. ஐடிஇ என்றால் எழுதுவது, கம்பைல் செய்வது, பிழை தேடுவது, சோதிப்பது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நீங்கள் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால், புராஜெக்ட் முழுக்க எங்கெல்லாம் அது வருகிறதோ அங்கெல்லாம் சரியாக மாற்றித் தரும். ஏனென்றால் அது உங்கள் கோடை வெறும் எழுத்தாகப் பார்ப்பதில்லை. எது எதைக் கூப்பிடுகிறது என்று ஒரு வரைபடமே போட்டு வைத்திருக்கும்.

இந்த அறிவு முன்பெல்லாம் ஐடிஇயின் தனிச் சொத்து. ஒரு எடிட்டர் ஜாவாவைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்த எடிட்டருக்கென்றே யாராவது அதை எழுதியாக வேண்டும். 10 எடிட்டர், 10 மொழி என்றால் 100 தடவை அதே வேலை.

2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் சேர்ந்து இதற்கு ஒரு வழி அறிவித்தன. லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால், சுருக்கமாக எல்எஸ்பி. மொழியைப் புரிந்துகொள்ளும் மூளையைத் தனி புரோகிராமாகப் பிரித்துவிடுவது. எடிட்டர் அதனிடம் 'இந்த வரியில் இந்த இடத்தில் என்ன வரலாம்?' என்று கேட்கும். அது பதில் சொல்லும். கேட்கும் முறையும் பதில் சொல்லும் முறையும் எல்லோருக்கும் பொது. 100 தடவை செய்த வேலை இப்போது 20 தடவையில் முடிகிறது: மொழிக்கு ஒன்று, எடிட்டருக்கு ஒன்று.

விஎஸ் கோட் இன்று எல்லா மொழியும் பேசுவதற்கு முக்கியக் காரணம் இந்த ஏற்பாடுதான். 2015 ஏப்ரலில் அது அறிமுகமானது. 2024ஆம் ஆண்டின் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆய்வில் பதில் சொன்ன டெவலப்பர்களில் 70 சதவீதத்துக்கு மேல் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எரிக் காமா. மைக்ரோசாஃப்டுக்கு வருமுன் எக்லிப்ஸின் ஜாவா கருவிகளை வழிநடத்தியவரும் இவரே.

இதில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. விஎஸ் கோடில் ஜாவா எழுத ரெட் ஹேட்டின் எக்ஸ்டென்ஷனைப் போடுகிறீர்கள் அல்லவா, அதற்கு அடியில் ஓடுவது எக்லிப்ஸின் ஜாவா மூளைதான். 'எக்லிப்ஸ் பழசு, நான் விஎஸ் கோட் ஆளு' என்று சொல்லும் ஜாவாக்காரர், முகம் மாறிய எக்லிப்ஸைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆர்டுயினோ ஐடிஇயும் அப்படியே. 2022இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, விஎஸ் கோடின் எழுதுபலகையையே உள்ளே வைத்துக் கட்டப்பட்டது.

ஆக, ஒரே எடிட்டர், தனி எடிட்டர் என்று இரண்டு கட்சி கட்டிச் சண்டை போடுகிறோமே தவிர, உள்ளே பாதிச் சரக்கு பொதுதான். எதிர்ப்பக்கத்திலும் இதே கதை. பைசார்ம், வெப்ஸ்டார்ம், கோலேண்ட், சிலயன் என்று மொழிவாரியாக விற்கும் ஜெட்பிரெயின்ஸ் கம்பெனியின் கருவிகள் எல்லாமே ஒரே இன்டெல்லிஜே அடித்தளத்தில் நிற்கின்றன. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் அந்த அடித்தளம்தான்.

தனிக் கருவி ஜெயிக்கும் இடம்

அப்படியென்றால் எதைப் போட்டாலும் ஒன்றா? இல்லை. இங்கேதான் அக்கா மகனின் நண்பர்கள் இரண்டு தரப்பும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

எல்எஸ்பி வழியாகக் கிடைப்பது பொதுவான வசதிகள். அடுத்த சொல்லை ஊகிப்பது, பிழைக்குச் சிவப்புக் கோடு, எங்கே எழுதியிருக்கிறதோ அங்கே தாவுவது, பெயர் மாற்றுவது. இதெல்லாம் எந்த மொழிக்கும் உண்டு என்பதால் ஒரு பொது விதிக்குள் அடங்கும். ஒரு துறைக்கே உரிய வேலைகள் அப்படி அடங்காது. ஆண்ட்ராய்டு ஆப்பின் திரை எப்படி இருக்கும் என்று எழுதும்போதே பக்கத்தில் காட்டுவது, ஆப் எவ்வளவு மெமரி தின்கிறது என்று அளப்பது, கூகுள் பிளேவுக்குக் கையொப்பமிட்ட கோப்பைத் தயாரிப்பது போன்றவை ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் வேலை. காட்லினுக்கு ஜெட்பிரெயின்ஸின் அதிகாரபூர்வ லாங்குவேஜ் சர்வர் 2025 மே மாதத்தில்தான் வெளியே வந்தது, அதுவும் ஆரம்ப நிலையில். ஆகவே ஆண்ட்ராய்டு ஆப்பை விஎஸ் கோடில் எழுதுவேன் என்று ரிவியூவுக்கு முந்தைய நாள் கிளம்புவது வீண் வீம்பு.

பெரிய ஜாவா புராஜெக்டும் இதே வகை. வங்கி, இன்சூரன்ஸ் மாதிரியான இடங்களில் பத்து வருஷப் பழைய கோட், ஆயிரக்கணக்கான கோப்புகள். ஒரு கிளாஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும், ஒரு மெத்தடை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும் என்று வரும்போது இன்டெல்லிஜே செய்கிற வேலையின் நம்பகத்தன்மை தனி. அந்த மாதிரி வேலையில் நாள் முழுக்க உட்கார்பவர், முதல் நாளே அதைக் கற்றுக்கொண்டுவிடுவது நல்லது. சி ஷார்ப்பில் விண்டோஸ் மென்பொருள் எழுதுபவருக்கு விஷுவல் ஸ்டூடியோவும் அப்படித்தான். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் விஎஸ் கோட் வேறு, விஷுவல் ஸ்டூடியோ வேறு என்பதை இன்னும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒன்று என்ற கனவை ஜெட்பிரெயின்ஸே முயன்று பார்த்தது. 2021 நவம்பரில் ஃப்ளீட் என்ற இலகுவான, பல மொழி எடிட்டரை அறிவித்தது. 2025 டிசம்பரோடு அதன் பதிவிறக்கத்தை நிறுத்திக்கொண்டது. கிட்ஹப்பின் ஆட்டம் எடிட்டரையும் ஒரு காலத்தில் எல்லோரும் கொண்டாடினார்கள். 2022 டிசம்பரில் அதற்கு மூடுவிழா நடந்தது. இலவச எடிட்டரோ, காசு கொடுத்த ஐடிஇயோ, கம்பெனி நினைத்தால் ஒருநாள் நின்றுபோகும். குறுக்குவிசைகளை மட்டுமே நம்பி வாழ்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பொது எடிட்டர் ஜெயிப்பது கலவையான வேலையில். காலையில் பைத்தான், மதியம் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, நடுவில் இரண்டு செட்டிங் ஃபைல், சாயங்காலம் டாக்குமென்ட். இன்று ஐடி வேலையில் சேரும் பலருடைய நாள் இப்படித்தான் போகிறது. இதற்கு நான்கு ஐடிஇ திறந்து வைத்திருப்பது, டீ போட ஒரு அடுப்பு, பால் காய்ச்ச ஒரு அடுப்பு என்று வைத்துக்கொள்வது மாதிரி.

ரேம் கணக்கு

விஎஸ் கோடுக்கு 1 ஜிபி ரேம் இருந்தாலே போதும் என்கிறது அதன் அதிகாரபூர்வப் பக்கம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி. லேப்டாப்பிலேயே போலி செல்போனை ஓட்டும் எமுலேட்டரும் வேண்டுமென்றால் 16 ஜிபி என்கிறது கூகுள். மாணவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 8 ஜிபி. அதில் விண்டோஸும் குரோமும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அக்கா மகனின் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். எந்த எடிட்டரையும் திறக்கும் முன்பே பாதி காலி.

இந்த இடத்தில் 'விஎஸ் கோட் எப்பவும் லைட்டு' என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அது எலெக்ட்ரான் என்ற அடித்தளத்தில் ஓடுகிறது, அதாவது உள்ளே ஒரு குரோம் பிரவுசரே இருக்கிறது. வெறும் எடிட்டராக இலகுதான். நண்பர்கள் சொன்னார்கள் என்று 40 எக்ஸ்டென்ஷன் போட்டால் அப்புறம் அதுவும் மூச்சு வாங்கும். ஜாவா எக்ஸ்டென்ஷன் போட்டால் அதற்கென்று ஜாவா மெஷின் தனியாக ஓடும். ஹெல்ப் மெனுவில் பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று இருக்கிறது. எது எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அதோடு புரொஃபைல் என்ற வசதியையும் பயன்படுத்துங்கள். பைத்தானுக்கு ஒரு புரொஃபைல், வெப் வேலைக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால், அந்தந்த நேரத்துக்குத் தேவையான எக்ஸ்டென்ஷன்கள் மட்டும் விழித்திருக்கும்.

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு ஒரே ஒரு யோசனை: எமுலேட்டரை விட்டுவிடுங்கள். உங்கள் செல்போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கேபிளைச் செருகினால் ஆப் நேராகப் போனில் ஓடும். லேப்டாப்புக்குப் பாதிச் சுமை குறையும். நிஜ போனில் எப்படித் தெரிகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

லேப்டாப் ரொம்பவே பழசு என்றால் கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் இருக்கிறது. பிரவுசரில் விஎஸ் கோட் திறக்கும், ரேமும் பிராசஸரும் அவர்களுடையது. தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர் மணிநேரம் இலவசம். 2 கோர் மெஷினில் அது 60 மணிநேரம். நெட் நின்றால் வேலையும் நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இலவசம், ஆனால் எதற்கு?

வீட்டிலிருந்தே சின்னச் சின்ன வெளிவேலை எடுத்துச் செய்பவர்கள் இப்போது மாவட்டங்களிலும் பெருகிவிட்டார்கள். அவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் லைசென்ஸ்.

வெப்ஸ்டார்ம், ரைடர் இரண்டும் 2024 அக்டோபரிலிருந்து இலவசம். 2025 மே மாதத்தில் சிலயனும் சேர்ந்துகொண்டது. ஆனால் அந்த இலவசம், காசு வாங்காத வேலைக்கு மட்டும். படிப்பு, பொழுதுபோக்கு, சொந்தப் பரிசோதனை. ஒரு கடைக்காரருக்கு 15,000 ரூபாய்க்கு வெப்சைட் செய்து கொடுத்தால் அது வணிகப் பயன்பாடு. மாணவர்களுக்குக் கொடுக்கும் இலவச லைசென்ஸும் படிப்புக்கு மட்டுமே. அதோடு, வெப்ஸ்டார்ம், ரைடரின் இந்த இலவச வகையில் பயன்பாட்டுத் தகவல் கம்பெனிக்குப் போவதை நிறுத்தி வைக்க முடியாது.

பைசார்மின் அடிப்படை வசதிகளையும் இன்டெல்லிஜேயின் கட்டணமில்லா வசதிகளையும் வணிக வேலைக்குப் பயன்படுத்தத் தடையில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கும் அப்படியே. விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி, தனிநபருக்குக் காசு வாங்கும் வேலைக்கும் இலவசம். ஆனால் பெரிய கம்பெனிக்குள் அந்த அனுமதி கிடையாது.

டெலிகிராமில் யாரோ அனுப்பும் 'ஃபுல் வெர்ஷன் கீ'யைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. கோடோடு சேர்த்து உங்கள் கிளையண்டின் பாஸ்வேர்டும் அந்த மெஷினில்தான் இருக்கிறது.

விஎஸ் கோட் பக்கமும் லைசென்ஸ் முடிச்சு உண்டு. எடிட்டரின் மூலக் கோட் திறந்தது. அதை எடுத்துத்தான் கர்சர், விண்ட்சர்ஃப் போன்ற ஏஐ எடிட்டர்களைச் செய்திருக்கிறார்கள். ஆனால் மைக்ரோசாஃப்டின் சில எக்ஸ்டென்ஷன்கள் அதன் சொந்த விஎஸ் கோடில் மட்டும்தான் ஓட வேண்டும் என்பது விதி. 2025 ஏப்ரலில் கர்சரில் சி++ எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் சி++ எக்ஸ்டென்ஷன் திடீரென்று வேலை செய்யாமல் போனது இதனால்தான்.

எக்ஸ்டென்ஷன் என்ற திறந்த கதவு

பொது எடிட்டரின் பலமும் பலவீனமும் எக்ஸ்டென்ஷன்தான். அது உங்கள் லேப்டாப்பில் நீங்கள் செய்யக்கூடிய எதையும் செய்ய முடியும். கோப்புகளைப் படிக்கலாம், நெட்டுக்கு அனுப்பலாம். 2025இல் ரஷ்யாவைச் சேர்ந்த ஒரு பிளாக்செயின் டெவலப்பர், சாலிடிட்டி மொழிக்கான எக்ஸ்டென்ஷன் என்று நினைத்து ஒரு போலியைப் போட்டுக்கொண்டார். போனது சுமார் 5 லட்சம் டாலர் மதிப்புள்ள கிரிப்டோ பணம். இதை ஆராய்ந்து வெளியிட்டது காஸ்பர்ஸ்கி நிறுவனம். அந்தப் போலிக்கு ஆயிரக்கணக்கில் டவுன்லோடு காட்டியது, ஆகவே டவுன்லோடு எண்ணிக்கையை மட்டும் பார்த்து நம்புவதில் பலனில்லை.

பதிப்பித்தவர் யார் என்று பாருங்கள். மொழியை உருவாக்கியவர்களோ தெரிந்த நிறுவனமோ வெளியிட்டதைப் போடுங்கள். தீம், ஐகான், பூனை நடக்கும் எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாமே. தனி ஐடிஇயிலும் பிளகின் ஆபத்து இருக்கிறது. ஆனால் முக்கிய வசதிகள் எல்லாம் உள்ளேயே வந்துவிடுவதால் வெளியே தேடும் அவசியம் அங்கே குறைவு. நான் தனி ஐடிஇக்குக் கொடுக்கும் ஒரு மதிப்பெண் இது.

ஆபீஸில் சேர்ந்தபிறகு

ஆபீஸில் சேர்ந்தால் உங்கள் விருப்பம் இரண்டாம்பட்சம். டீம் எதைப் பயன்படுத்துகிறதோ அதை முதல் ஆறு மாதம் பயன்படுத்துங்கள். பக்கத்து சீட்டுக்காரர் உதவிக்கு வரும்போது அவருக்கு உங்கள் திரை புரிய வேண்டும். ஆளுக்கொரு எடிட்டர் என்று இருக்கும் டீமில், இடைவெளி எத்தனை, வரி எப்படி முடிய வேண்டும் என்பதையெல்லாம் எடிட்டர்கான்ஃபிக் என்ற சின்னக் கோப்பில் எழுதி புராஜெக்டுக்குள் போட்டு வைப்பார்கள். ஜெட்பிரெயின்ஸ் கருவிகள் அதைத் தாமாகவே படிக்கும். விஎஸ் கோடுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் தேவை. இது இல்லாமல் போனால், ஒரு வரி மாற்றியதற்கு 300 வரி மாறியதாகக் கிட் காட்டும். சீனியர் கூப்பிட்டுக் கேட்பார்.

இன்டர்வியூவிலும் 'எந்த எடிட்டர்?' என்று அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள். கேட்பதெல்லாம் 'ரன் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது?' என்பதுதான். ஆகவே எந்தக் கருவியை வைத்திருந்தாலும், வாரத்துக்கு ஒரு நாள் டெர்மினலில் கையால் கட்டளை அடித்துக் கம்பைல் செய்து பாருங்கள். பைத்தானில் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டைக் கையால் உருவாக்கிப் பாருங்கள். பைசார்ம் அதைச் சத்தமில்லாமல் செய்து கொடுத்துவிடுவதால், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வேலைக்கு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாடியில் என்ன முடிவானது?

அக்கா மகனிடம் நான் கேட்டது ஒன்றுதான். "மூணு மொழியில நீ அதிக நேரம் எதுல உட்காருற?"

"ஆப்ல மாமா. சர்வர் மொத்தமே 200 வரிதான். சென்சார் கோட் அதைவிடக் கம்மி."

அப்புறம் முடிவு தானாக வந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இருக்கட்டும், எமுலேட்டர் போகட்டும். 200 வரிப் பைத்தானுக்கு பைசார்ம் எதற்கு? அதை எடுத்துவிட்டு விஎஸ் கோடில் பைத்தான் எக்ஸ்டென்ஷன் மட்டும். சென்சார் போர்டுக்கு ஆர்டுயினோ ஐடிஇயை விட்டுவைத்தோம். விஎஸ் கோடிலேயே அதையும் செய்ய வழி உண்டு. ஆனால் நாளைக்கு ரிவியூ என்றால் இன்றைக்கு ஓடிக்கொண்டிருப்பதைத் தொடக் கூடாது. டெவ் சி++ஐ அழிக்க மட்டும் அவனுக்கு மனசு வரவில்லை. "பிளஸ் ஒன் ஞாபகம் மாமா, இருக்கட்டும்" என்றான்.

பைத்தான் சர்வரை ஓட்டினோம். 'ஈரப்பதம் அதிகம்' என்று டெர்மினலில் வர வேண்டிய வரி, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து வந்தது. பயந்துவிட்டான். டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் சம அளவுக் கட்டத்துக்குள் திணிக்கப் பார்ப்பதால் தமிழுக்கு இந்தக் கதி. தகவல் கெடவில்லை, காட்டுவதில்தான் கோளாறு. போனில் சரியாக வரும் என்றேன்.

கேபிளைச் செருகி, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் பச்சை முக்கோணத்தை அழுத்தினான். மவுஸ் நகர்ந்தது. கீழே பட்டையில் கிரேடில் ஏதேதோ டவுன்லோடு செய்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கோட்டை மதிலில் வெயில் இறங்கிவிட்டது. திடீரென்று பட்டை நின்றது.

"என்னடா, பிழையா?"

போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னிக்கு டேட்டா தீர்ந்துடுச்சு மாமா. உங்க ஹாட்ஸ்பாட்டை ஆன் பண்ணுங்க."